அதிர்ஷ்டக் காசு

மாட்டை விற்றவர் வாங்கியவரின் கையில் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். விலை படிந்து, பணத்தை எண்ணி வாங்கி, உள்பைக்குள் பத்திரப்படுத்திய பிறகு நடக்கிற காரியம் இது. மாட்டின் தரத்தையும் விற்றவரின் மனத்தையும் பொறுத்துச் சில ஷில்லிங்காக இருக்கும். நல்ல குதிரை கைமாறினால் ஒரு பவுண்டாகவும் இருக்கும். அயர்லாந்தின் கிராமச் சந்தைகளில் இதை அதிர்ஷ்டக் காசு என்றார்கள். கொடுக்காமல் போனால் மாடு புது வீட்டில் விளங்காது என்று நம்பினார்கள். வாங்குகிறவர் வெட்கப்படாமல் அதைக் கேட்டே வாங்கிக்கொள்வார்.

கணக்குப் பார்க்கிறவர்கள் இதைத் தள்ளுபடி என்று எளிதாக எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தள்ளுபடி, விலை பேசுகிறபோதே முடிந்துபோகிறது. இது எல்லாம் முடிந்த பின் வருகிறது. மாடு இனி என்னுடையதில்லை, ஆனாலும் அது உன் கொட்டிலில் நன்றாக இருக்க வேண்டும் என்று விற்றவர் சொல்வதற்கு அந்தக் காசு ஒரு வழி. கன்றாக இருந்தபோதிலிருந்து கூடவே வைத்து வளர்த்த உயிரைச் சந்தையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கப்போகிற மனிதர் கடைசியாகச் செய்யும் கடமை அது. அயர்லாந்தின் கடலோரச் சந்தைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தச் சிறு காசிலிருந்துதான் அவற்றைப் புரிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

பேரம் நடக்கும் விதமே ஒரு நாடகம். வாங்க வந்தவர் மாட்டைச் சுற்றி வருவார், விலாவில் கை வைத்துப் பார்ப்பார், குறை சொல்வார், ஒரு விலை கேட்பார். விற்பவர் அவமானப்பட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாங்க வந்தவர் போய்விடுவார். போனவர் திரும்பி வருவார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தரகர் வந்து சேர்வார். அவரை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். சில சமயம் வாங்குபவரின் ஆளே கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருப்பதும் உண்டு. அவர் விற்பவரின் கையையும் வாங்குபவரின் கையையும் பிடித்து இழுத்து ஒன்றின்மேல் ஒன்று வைக்கப் பார்ப்பார். இவர் உதறுவார், அவர் உதறுவார். இடைவெளி இரண்டு பவுண்டுக்கு வந்ததும், ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கள் என்று தரகர் சத்தம் போடுவார். சுற்றி நிற்பவர்களும் சேர்ந்துகொண்டு சத்தம் போடுவார்கள். கடைசியில் ஒருவர் உள்ளங்கையில் துப்பி, மற்றவர் கையில் ஓங்கி அடிப்பார். அந்த ஓசையோடு வியாபாரம் முடிந்தது. மாட்டின் முதுகில் கொஞ்சம் சேற்றை எடுத்து அடையாளம் பூசினால் அதற்குப் பிறகு வேறு யாரும் அதற்கு விலை கேட்க மாட்டார்கள். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேர்தான் பத்திரம்.

சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நள்ளிரவில் எழுந்து மாடுகளை இருட்டில் பல மைல் ஓட்டிக்கொண்டு வருவார்கள். வழியிலேயே வியாபாரிகள் மறித்து நின்று விலை கேட்பார்கள். ஊருக்குள் என்ன விலை போகிறது என்று தெரிவதற்கு முன்னால் முடித்துவிட்டால் அவர்களுக்கு லாபம். சந்தைத் திடல் தனியாக இல்லாத ஊர்களில் தெருவே சந்தை. கடைக்காரர்கள் முந்தைய நாளே சன்னல்களுக்கு முன்னால் மரத்தடுப்புகளைக் கட்டி வைப்பார்கள். அன்று மாலை தெருவைக் கழுவித் தள்ளுவது தனி வேலை. பெண்கள் முட்டை, வெண்ணெய், வாத்து, கோழி கொண்டுவருவார்கள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து உப்பிட்ட மீனும் உலர்த்திய கடற்பாசியும் வரும்.

தீவுகளில் இருந்தவர்களுக்குச் சந்தை என்பது கடலில் தொடங்கியது. ஆரன் தீவுகளில் இனிஷ்மானிலும் இனிஷீரிலும் நீராவிக் கப்பல் வந்து நிற்கிற ஆழத்தில் துறை அப்போது இல்லை. கப்பல் தள்ளி நிற்கும். கரக் என்கிற, மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய துணி போர்த்திய இலேசான படகில் ஒருவர் மாட்டின் தலையை நீருக்கு மேலே பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் துடுப்புப் போட, மாடு அந்தக் குளிர்ந்த நீரில் நீந்தியே கப்பல்வரைக்கும் போகும். பிறகு வயிற்றில் வார் கட்டி மேலே தூக்குவார்கள். தீவின் பாறையில், கையால் மண்ணும் பாசியும் சுமந்துபோட்டு உண்டாக்கிய புல்லில் வளர்ந்த மாடு அது. நீந்திக் களைத்து, வாரில் தொங்கி, கால்வே நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே நிற்கும்போது அதன் சொந்தக்காரர் கேட்கிற விலையில் இதெல்லாம் எப்படிச் சேராமல் இருக்கும்? ஆனால் சேரவில்லை. விலையைத் தீர்மானித்தது இங்கிலாந்தின் இறைச்சித் தேவை.

இதைச் சொல்லாமல் இந்தச் சந்தைகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்தில் உழுநிலம் சுருங்கிப் புல்வெளி பெருகியது. மனிதர்கள் செத்தும் கப்பலேறியும் காலியான நிலத்தில் மாடுகள் மேய்ந்தன. மேற்குக் கடற்கரையின் ஏழைக் குடியானவர் இளங்கன்றுகளை வளர்த்து விற்பார். நடுநாட்டுப் பெரிய மேய்ச்சல்காரர்கள் வாங்கிக் கொழுக்கவைப்பார்கள். அங்கிருந்து ரயிலிலும் கப்பலிலும் பிரிட்டனுக்குப் போகும். நிலத்தின் குத்தகை பெரும்பாலும் மே மாதத்திலும் நவம்பரிலும் கட்ட வேண்டியது. அந்த மாதங்களின் சந்தையில் மாடு விலைபோகவில்லை என்றால் வீட்டிலிருந்து வெளியேற வேண்டிவரும். பேரத்தில் ஒரு மனிதர் ஐந்து ஷில்லிங்குக்காக அரைமணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார் என்றால் அது பிடிவாதத்தினால் மட்டும் இல்லை. சந்தைக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் சுங்கம் உண்டு. சந்தை நடத்தும் உரிமையை அரசரிடமிருந்து சாசனமாகப் பெற்ற நிலக்கிழார் குடும்பங்களுக்கு அந்தச் சுங்கம் போய்ச் சேர்ந்தது. புகார்கள் பெருகி, 1850-களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் சந்தைகளின் நிலையை விசாரிக்க அரசாங்கம் ஓர் ஆணையமே வைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாசனங்களில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. கெர்ரி மாவட்டத்தில், லான் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் கில்லோர்க்லின் என்ற சிற்றூர் இருக்கிறது. 1613-இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் ஜென்கின் கான்வே என்பவருக்கு அங்கே ஆகஸ்டில் சந்தை நடத்த உரிமை கொடுத்தார். அந்தச் சந்தை இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10, 11, 12 ஆகிய மூன்று நாட்கள் நடக்கிறது. கிழமை பார்ப்பதில்லை, தேதிதான். முதல் நாள் கூடும் நாள், இரண்டாவது சந்தை நாள், மூன்றாவது கலையும் நாள். மலையிலிருந்து ஒரு காட்டுக் கிடாவைப் பிடித்துவந்து, ஊர்வலமாகக் கொண்டுபோய், பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமியின் கையால் அதற்கு முடிசூட்டி, உயரமான மேடையில் ஏற்றுவது அங்கே வழக்கம். மூன்று நாளும் அதுதான் ஊருக்கு அரசன். பிறகு மலைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இதுதான் பக் சந்தை.

கிடா எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் உண்டு. குரோம்வெல்லின் படை கொள்ளையடிக்க வந்தபோது மிரண்டு ஊருக்குள் ஓடிவந்து எச்சரித்த ஆடு என்பது எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. மாட்டுச் சந்தைகளில் சுங்கம் வாங்கக் கூடாது என்று நிலக்கிழாரின் கையைக் கட்டியபோது, அப்போது வழக்கறிஞராக இருந்த டேனியல் ஓ’கானல், இதை ஆட்டுச் சந்தை என்று சொல்லி ஒரு கிடாவை மேடையில் நிறுத்திவிட்டால் தடை பொருந்தாது என்று யோசனை சொன்னாராம். இரண்டுமே கதைகள்தான். ஆனால் இரண்டாவது கதையைக் கட்டியவர்களுக்குச் சந்தையின் உள்விவகாரம் தெரிந்திருந்தது. அரசனாக மேடையில் நிற்கிற ஆட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் சுங்கப் பெட்டியோடு நிற்கிறார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு விளக்கமும் இருக்கிறது. அறிஞர்கள் வழியாக வந்தது, சந்தையை லூனசா என்ற பழைய விழாவோடு இணைத்துப் பார்ப்பது. அயர்லாந்து நாட்டாரியல் ஆணையத்தில் பணியாற்றிய மாயிரா மக்நீல் 1962-இல் லூனசா விழாவைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். ஆகஸ்டின் தொடக்கத்தில் வரும் பழைய அறுவடைத் திருநாள் லூனசா. கிறித்தவம் வந்த பிறகும் அது மலையேற்றமாகவும் புனிதர் திருநாளாகவும் காட்டுப்பழம் பறிக்கும் ஞாயிறாகவும் சந்தையாகவும் வேடம் மாறி எங்கெங்கே வாழ்ந்தது என்று ஊர் ஊராகத் தடம் பிடித்தார் அவர். அந்த நூலின் அருமை, அது பசியிலிருந்து தொடங்குவதுதான். ஜூலை மாதத்தைப் பசி ஜூலை என்றார்கள். போன ஆண்டின் உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும், புதுக்கிழங்கு தோண்டும் பருவம் வந்திருக்காது. அந்த வாரங்களைக் கடந்து முதல் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்கிற நாள்தான் திருநாள். கடலோரச் சந்தைகளில் பல ஏன் ஆகஸ்டில் கூடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வயிறு நிறைந்தவர்கள் கூடுகிறார்கள்.

வடக்கே ஆண்ட்ரிம் கடற்கரையில் பாலிகேசில் ஊரின் லாமஸ் சந்தையும் அப்படித்தான். ஆகஸ்டின் கடைசித் திங்களும் செவ்வாயும் அதற்கு உரியவை. எதிரே ரத்லின் தீவு. அதற்கு அப்பால் தெளிந்த நாளில் ஸ்காட்லாந்தின் கின்டயர் முனை கண்ணுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அந்தக் கடலைக் கடந்து ஸ்காட்லாந்துத் தீவுக்காரர்கள் படகில் வந்து இங்கே வியாபாரம் செய்தார்கள். இன்றும் அந்தச் சந்தைக்கு இரண்டு பண்டங்கள் அடையாளம். ஒன்று டல்ஸ். கடல் வற்றும்போது பாறைகளிலிருந்து பறித்து வெயிலில் காயவைத்த கருஞ்சிவப்புப் பாசி. அப்படியே மெல்ல வேண்டியது, உப்பும் இரும்பும் கலந்த சுவை. மற்றது யெல்லோமேன் என்கிற மஞ்சள் மிட்டாய். சர்க்கரைப் பாகும் வெண்ணெயும் காய்ச்சி, வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் பொங்கவைத்து, ஆறி இறுகியதும் சுத்தியலால் உடைத்துத் தருவார்கள். கடலின் உப்பும் கடையின் இனிப்பும் ஒரே நாளில் வாயில் படுவதுதான் அந்தச் சந்தை என்று பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். அந்த ஊரில் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த ஓக் மரத்தில் சிற்பம் செதுக்கி விற்றுவந்த ஜான் ஹென்றி மெக்காலே இந்தச் சந்தையைப் பற்றிக் கட்டிய பாட்டு அயர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. பாசியும் மிட்டாயும் அந்தப் பாட்டுக்குள்ளும் இருக்கின்றன.

இதுவரை நான் சொன்னதில் ஏக்கத்துக்கு இடம் இருக்கிறது. துப்பிய கை, பூசிய சேறு, முடிசூடிய ஆடு, உலர்ந்த பாசி. மரபைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். டொனகல் கடற்கரைக்காரர்களால் நிறுத்திக்கொள்ள முடியாது.

லெட்டர்கென்னியிலும் ஸ்ட்ரபேனிலும் மே மாதமும் நவம்பர் மாதமும் வேறொரு சந்தை கூடியது. அங்கே கைமாறியவர்கள் மனிதர்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மேற்கு டொனகலில் ரோசஸ், க்வீடோர், குளோஹனீலி போன்ற கடலோரப் பகுதிகள் பாறையும் சதுப்பும் நிறைந்தவை. வீட்டுக்கு வீடு பிள்ளைகள். வீட்டுக்கு வீடு கடைக்காரரிடம் கடன். கிழக்கே லாகன் என்று அழைக்கப்பட்ட சமவெளியில் வளமான பெரிய பண்ணைகள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மாற்றுத்துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெடுந்தூரம் நடந்து வந்து தெருவில் வரிசையாக நிற்பார்கள். மூட்டைதான் அடையாளம், கூலிக்கு வந்த பிள்ளை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பண்ணைக்காரர்கள் தோளையும் கையையும் பார்ப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், என்ன வேலை தெரியும் என்று கேட்பார்கள். பேரம் நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தொகை பேசி முடிந்ததும் முன்பணமாக ஒரு நாணயம் கைமாறும். கூலி தவணையின் முடிவில்தான். இடையில் ஓடிப்போனால் எதுவும் இல்லை. பல பிள்ளைகளுக்கு ஐரிஷ் மொழி மட்டுமே தெரியும், பண்ணைகளில் ஆங்கிலம். படுக்கை பெரும்பாலும் தொழுவத்துப் பரணில்.

மாட்டுக்கு நடந்த அதே பேரம், அதே தெரு, அதே உள்ளங்கை அடி. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகள்வரை இது நடந்தது. க்ளென்டீஸ் பகுதியில் பிறந்த பேட்ரிக் மெகில் அப்படி ஸ்ட்ரபேனில் கூலிக்குப் பிடிக்கப்பட்டவர். 1914-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நாவல் அந்தச் சந்தையைப் படித்தவர்களின் வரவேற்பறைகளுக்குள் கொண்டுபோனது. குளோஹனீலியைச் சேர்ந்த மிக்கி மக் கவனும் சிறுவனாக லாகனுக்குப் போனவர். பிறகு ஸ்காட்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் க்ளோண்டைக் தங்க வேட்டைக்கும் போய்விட்டு ஊர் திரும்பியவர். முதுமையில் தம் வாழ்க்கையை வாய்மொழியாகவே சொன்னார். எழுதிக்கொண்டவர் அவருடைய மருமகனான நாட்டாரியல் சேகரிப்பாளர் ஷான் ஓ ஹேயொகி. 1959-இல் ஐரிஷ் மொழியில் வந்த அந்தப் புத்தகத்தில் புகார்த் தொனி கிடையாது. நடந்ததை நடந்ததாகச் சொல்கிற குரல்தான். அதனாலேயே தாங்க முடியவில்லை.

இன்னொருவரும் ஸ்ட்ரபேனில் நின்றார். ரோசஸ் பகுதிச் சிறுவன் பேடி கேலஹர். வளர்ந்த பிறகு ஸ்காட்லாந்தில் வேலை செய்த இடத்தில் கூட்டுறவுக் கடையைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கடற்கரைக் கிராமங்களில் கடைக்காரரே வட்டிக்காரர். உரமும் மாவும் அவர் சொன்ன விலைக்கு, முட்டையும் அவர் சொன்ன விலைக்கு. குழந்தைகளைச் சந்தைக்கு அனுப்பியது அந்தக் கடன்தான். 1906-இல் கேலஹரும் அண்டை வீட்டார்களும் சேர்ந்து டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் வேலை, உரத்தை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டது. பிறகு டங்லோவில் கடை வந்தது. பெண்களுக்குப் பின்னலாடைத் தொழிற்கூடம் வந்தது. ஊரார் அவரைக் கூட்டுறவுப் பேடி என்றே கூப்பிட்டார்கள். தம் கதையை 1939-இல் அவரே புத்தகமாக எழுதினார். டங்லோவில் அந்தக் கூட்டுறவுக் கடை இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் மனம் நெடுநாள் தங்கியிருக்கிறது. ஏனென்றால், பழைய சந்தையை முடித்துவைத்ததும் அதே கூட்டுறவு இயக்கம்தான். 1950-களின் நடுவிலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்களுக்கு வெளியே கால்நடை ஏலக்கூடங்களைக் கட்டத் தொடங்கின. இரும்புக் கம்பிப் பட்டி, எடைமேடை, ஏலக்காரரின் குரல், கைக்கு உறுதியாக வரும் காசோலை. மாட்டுக் காசநோயை ஒழிக்கும் திட்டம் 1954-இல் தொடங்கியிருந்தது. எந்த மாடு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதிவு வேண்டும் என்றானபோது தெருச் சந்தைக்கு நியாயம் சொல்ல முடியாமல் போயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலான ஊர்களின் மாதச் சந்தை நின்றுவிட்டது. இருட்டில் நடக்க வேண்டியதில்லை. வழிமறிக்கும் வியாபாரி இல்லை. கண்ணால் எடை மதிப்பதில் கைதேர்ந்த வியாபாரியிடம் கைதேராத குடியானவர் ஏமாற வேண்டியதில்லை. எடை எல்லோருக்கும் ஒன்றே. சந்தையை அழித்தது பேராசை என்று சொல்ல முடிந்தால் எழுதுவதற்கு வசதியாக இருக்கும். உண்மையில் அதை அழித்ததில் பெரும்பங்கு நியாயத்துக்கு உரியது.

அப்படியானால் போனது என்ன? ஏலக்கூடத்தில் வாங்குபவர் ஓர் எண். விற்பவர் ஓர் எண். மாடு வட்டத்துக்குள் நுழைந்து ஓரிரு நிமிடத்தில் வெளியேறிவிடுகிறது. யார் வாங்கினார் என்று தேடிப்போய் அதிர்ஷ்டக் காசு கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் ஏலக்கூடத்துக்குள்ளும் சில காலம் பிடிவாதமாக நுழைந்து பார்த்தது. ஆனாலும் அரைமணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாதாடி, மூன்றாம் மனிதர் வந்து கையைச் சேர்த்துவைத்து, சுற்றி நின்றவர்கள் சாட்சியாகி, பிறகு ஒன்றாக மதுக்கடைக்குப் போய்க் கணக்கை முடிக்கிற உறவு அங்கே கிடையாது. தீவிலிருந்தும் மலைமூலையிலிருந்தும் வருகிற தனியாளுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் மனித முகம். பெண் பார்ப்பதும் வழக்குத் தீர்ப்பதும் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்ததா என்று விசாரிப்பதும் அந்த நாளில்தான். நியாயமான விலையை வாங்கிக்கொண்டவர்கள் அந்த நாளை விலையாகக் கொடுத்தார்கள். வேறு வழி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தது சிறியது என்றும் சொல்ல மாட்டேன்.

எஞ்சியிருக்கிற சந்தைகள் ஏன் எஞ்சின என்று பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. அங்கே இன்னமும் வாங்கவும் விற்கவும் ஏதோ இருக்கிறது. பாலிகேசிலில் டல்ஸ் இருக்கிறது. கில்லோர்க்லினில் முதல் நாள் குதிரைச் சந்தை இருக்கிறது. கால்வே விரிகுடாவின் கின்வாரா ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டும் கரிய உடலும் செம்பழுப்புப் பாய்களும் கொண்ட ஹூக்கர் படகுகள் கூடுகின்றன. கனமாராவின் சதுப்பிலிருந்து வெட்டிய, பீட் என்கிற கரிமண் துண்டங்களை, அடுப்பெரிக்க எதுவும் இல்லாத சுண்ணாம்புப்பாறை நாடான க்ளேர் கரைக்கும் ஆரன் தீவுகளுக்கும் சுமந்துபோன படகுகள் அவை. லாரியும் எரிவாயு உருளையும் வந்ததும் கரையில் கிடந்து மக்கத் தொடங்கின. 1979-இல் படகுகளின் கூடுகையாக அந்தப் பயணத்தை மீண்டும் தொடங்கினார்கள். அந்தத் துண்டங்கள் இப்போது யாருக்கும் தேவையில்லாதபோதும், படகு செய்யத் தெரிந்த தச்சருக்கும் பாய் பிடிக்கத் தெரிந்த இளைஞருக்கும் வேலை இருக்கிறது. கனமாராவின் குட்டைக் குதிரைக்கும் அதுதான் நடந்தது. கடற்பாசியும் அடுப்புத் துண்டங்களும் சுமந்த அந்த இனத்தைக் காக்க 1923-இல் சங்கம் அமைத்தார்கள். இன்று க்ளிஃப்டனில் ஆகஸ்டில் நடக்கும் அதன் கண்காட்சிக்கு வாங்குபவர்கள் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

கில்லோர்க்லினின் குதிரைச் சந்தையைப் பற்றிப் பேசும்போது அதை நடத்துபவர்களையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் நாடோடி மக்கள், டிராவலர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே கூடுகிறார்கள். தகர வேலையும் குதிரை வியாபாரமும் அவர்களுடைய பழைய தொழில்கள். பிளாஸ்டிக் வாளி வந்து தகர வேலையைக் கொண்டுபோனது. குதிரை மிஞ்சியது. 1963-இல் வந்த அரசு ஆணைய அறிக்கை அவர்களுடைய நாடோடி வாழ்வையே தீர்க்க வேண்டிய பிரச்சினையாகப் பார்த்தது. 1996-இல் வந்த குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகர ஓரங்களில் குதிரை வைத்திருப்பதைக் கடினமாக்கியது. தனி இனக்குழு என்ற ஏற்பை அரசிடமிருந்து அவர்கள் பெற்றது 2017 மார்ச் 1 அன்றுதான். ஊரார் கைவிட்ட பேரமும் தரகும் உள்ளங்கை அடியும் அதிர்ஷ்டக் காசும் இன்று உயிரோடு இருப்பது பெரும்பாலும் இவர்களிடம். குதிரைச் சந்தையை மரபு என்று கொண்டாடிக்கொண்டே குதிரைக்காரர்களுக்குக் கடைக்கதவைச் சாத்துவது பெரும் பிழை. அந்தப் பிழை அயர்லாந்தில் இன்னும் முடியவில்லை.

மேடையில் நிற்கும் கிடாவைப் பற்றியும் வாதம் இருக்கிறது. 2022 ஆகஸ்டின் கடும் வெயிலில், விலங்கு நலம் பேசுகிறவர்களின் எதிர்ப்புக்கு நடுவே, அதைக் கீழே இறக்கினார்கள். மரபு கெட்டது என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்த ஆடு அரசன் என்றால் அதற்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வது ஊரின் முதல் கடமை. கைமாறிய மாட்டுக்கும் நல்லது நினைத்துக் காசு கொடுத்தவர்களின் மரபு அதை மறுக்க முடியாது.

1937-இல் நாட்டாரியல் ஆணையம் ஒரு வேலையைச் செய்தது. தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலும் அண்டையிலும் இருக்கும் முதியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னது. கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் உள்ளூர்ச் சந்தையும் இருந்தது. எங்கே கூடும், சுங்கம் உண்டா, விலை முடிந்ததற்கு அடையாளம் என்ன, அதிர்ஷ்டக் காசு எவ்வளவு. ஏறத்தாழ 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பள்ளிக்கூடக் கையெழுத்தில், எழுத்துப் பிழைகளோடு, தாத்தா சொன்னார் என்று தொடங்கும் அந்தப் பக்கங்களை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆணையத்தின் தொகுப்பை 2017-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நான் அந்தப் பக்கங்களில் சந்தைகளைத் தேடி வாசித்திருக்கிறேன். எழுதிய பிள்ளைகளின் வயதுதான் என்னை நிறுத்தியது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. லெட்டர்கென்னித் தெருவில் மூட்டையோடு நின்றவர்களின் வயதும் அதுவே. ஒரு தலைமுறைக்கு முன்பு பிறந்திருந்தால் டொனகல் பிள்ளைகளில் பலர் சந்தையைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள், சந்தையில் நின்றிருப்பார்கள்.

அயர்லாந்து 2015-இல் அருவப் பண்பாட்டு மரபுக்கான யுனெஸ்கோ உடன்படிக்கையை ஏற்றது. அதன்பிறகு இல்லியன் குழலிசை, ஹர்லிங் ஆட்டம், யாழிசை என்று ஒன்றொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. இசைக்கும் ஆட்டத்துக்கும் பட்டியல் பொருந்துகிறது. சந்தை அப்படிப் பட்டியலில் அடங்காது. அதற்குள் வாசிக்கிறவரும் இருக்கிறார், ஏமாற்றுகிறவரும் இருக்கிறார், விற்கப்படுகிறவரும் இருக்கிறார். மரபைக் காப்பது என்றால் இந்த மூவரையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என்றே நான் நினைக்கிறேன். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றினால் அது விற்பனைக்கு ஆகும், நினைவுக்கு ஆகாது.

கில்லோர்க்லினில் பாலத்துக்குப் பக்கத்தில் முடிசூடிய கிடாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். லெட்டர்கென்னியின் சந்தைச் சதுக்கத்தில், சிற்பி மாரிஸ் ஹாரன் செய்த, கூலிக்கு நிற்கும் குழந்தைகளின் சிலைகள் இருக்கின்றன. கடலோர அயர்லாந்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் சிலையோடு திரும்பிவிடாதீர்கள். டொனகல்வரை போய் இரண்டாவதையும் பாருங்கள்.